அஞ்சே முக்காலின் ஆறு ஆணிகள்

காலையில் ஒரு பொருளையும் தேடாத குடும்பம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது உத்திரமேரூரில், நான் பன்னிரண்டு வருஷம் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறது. நீங்கள் நம்பமாட்டீர்கள். இதைப் படிப்பதற்கே கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டுதான் வந்து உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த வீட்டுத் தலைவிக்கு 'அஞ்சே முக்கால்' என்று பெயர். ரேஷன் கார்டில் வேறு ஏதோ போட்டிருந்தார்கள், எனக்கு ஞாபகமில்லை. ஒரகடம் பக்கம் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை. கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கு வரும் நேரம் காலை ஐந்தே முக்கால். அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துத்தான் தெருவே கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். நான் பெருநகர் பள்ளிக்கூடத்தில் டீச்சர், எனக்கு ஏழேகாலுக்குத்தான் பஸ். ஆனாலும் ஐந்து மணிக்கே சுவரைத் தாண்டி வந்து என்னை எழுப்பிவிடும் அவள் குரல்.

"என் ஐடி கார்டு எங்கய்யா?"

"அங்கதான் கீது" என்பார் புருஷன். லோடு ஆட்டோ ஓட்டுகிற சாது.

"டிபன் பாக்ஸ் மூடி?"

"அதுவும் அங்கதான் கீது."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அங்கே எல்லாமே இருந்தன. கல்யாணச் சீராக வந்த எவர்சில்வர் அண்டா, ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கலாம். அண்டாவுக்குள் குடம். குடத்துக்குள் தாம்பூலப் பைகள். தாம்பூலப் பைகளுக்குள் மடித்து வைத்த வேறு தாம்பூலப் பைகள். மிக்சி நான்கு, அதில் எது ஓடும் என்பது மாமியாருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அட்டைப்பெட்டியே பிரிக்காத மின்விசிறி ஒன்று, பிரித்தால் தூசி படியுமாம். இத்தனைக்கும் நடுவில் மனிதர்கள் ஒருக்களித்து நடந்து குடித்தனம் செய்தார்கள்.

இரண்டு முறை பஸ்ஸை விட்டாள். மூன்றாவது முறை விட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். லோடு ஆட்டோவுக்கு வாரத்தில் பாதி நாள் லோடு கிடையாது. அந்த வீட்டில் உலை கொதித்தது இவள் வேலையால்தான்.

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை ஐடி கார்டைக் காணோம். வீடே புரண்டது. பஸ் ஹாரன் அடித்தபோதுதான் குடத்துக்குள் இருந்த தாம்பூலப் பையில் கிடைத்தது.

"கீய தரைல கெடந்துச்சி, நான்தான் பத்திரமா எடுத்து வெச்சேன்" என்றார் மாமியார். நம் ஊரில் ஒரு பொருள் தொலைய வேண்டும் என்றால் அதைப் பத்திரமாக எடுத்து வைத்தால் போதும்.

பஸ் கிளம்பிவிட்டது. இவள் அதன் பின்னாலேயே ஏரிக்கரைத் திருப்பம் வரை ஓடி ஏறினாள். வழியில் விழுந்த ஒற்றைச் செருப்பை நான்தான் எடுத்து வைத்தேன். சாயங்காலம் வந்தவள் செருப்பை வாங்கிக்கொண்டு, "இருக்கட்டும் டீச்சர், ஞாயித்துக்கெழம வரட்டும்" என்றாள். அந்தக் குரலில் கோபமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலில் நின்று சட்டம் போட்டாள். "மூணு மாசமா கை படாத சாமான் எதுவும் இனிமே இந்த வூட்ல இருக்கக்கூடாது. சாமி படம் தவுர."

"அப்ப நானு?" என்றார் புருஷன்.

"நீ டெய்லி வாச தெளிக்கிற இல்ல? இரு."

மாமியார் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அண்டா போனா நானும் போவேன்."

"யோவ், அத்தையையும் சேத்து ஏத்துயா வண்டில" என்றாள் இவள். வண்டி எங்கே போகிறது என்று மாமியார் விசாரித்தார். அம்மன் கோயிலுக்கு. ஆடி மாசம் கூழ் ஊற்றுவதற்குக் கோயிலில் பெரிய பாத்திரம் இல்லை. மருமகளோடு சண்டை போடலாம், அம்மனோடு எப்படிப் போடுவது? மாமியார் மெதுவாக இறங்கினார். அன்றிலிருந்து ஆடி பிறந்தால் கோயிலில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அந்த அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பது அவர்தான். வேறு யாரையும் கிட்டே விடமாட்டார்.

வண்டி அன்று ஒன்பது நடை போனது. தெருவுக்குப் பொறுக்குமா? முதல் நடையில் 'வூடு மாத்துறாங்களா' என்று கேட்டார்கள். நான்காவது நடையில் 'புருஷன வுட்டுட்டு போறாளாம்' என்றார்கள். ஏழாவது நடையில் என்னிடம் கேட்டபோது, "எனக்கெதுக்கும்மா வம்பு" என்றேன். அது எப்படித்தான் 'டீச்சரே சொல்லிட்டாங்க' என்று ஊர் சுற்றி வந்ததோ தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடலிலிருந்து பஞ்சாயத்து வந்து இறங்கியது. புருஷனின் சித்தப்பா, அவர் சம்சாரம், கூட ஐந்து பேர். உட்கார நாற்காலி இல்லை. எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார, நான் கதவோரமாக நின்றேன். வேடிக்கை பார்க்க இல்லை, நியாயம் கேட்க. சரி, வேடிக்கை பார்க்கத்தான்.

"இன்னாம்மா இது அநியாயம்?" சித்தப்பா ஆரம்பித்தார். "நாங்க ஆசையா குடுத்த சாமான தெருவுல வாரி எறிஞ்சியாமே?"

"எறியல சின்ன மாமா, ஒதவுற எடத்துக்கு அனுப்பனேன். நீங்க இன்னா குடுத்தீங்க, சொல்லுங்க பாக்கலாம்."

சித்தப்பா மீசையைத் தடவினார். "குத்துவெளக்கு."

"செவுத்து கடியாரம். மான் தண்ணி குடிக்கிற படம் போட்டது. அங்கன்வாடில மாட்டிக் கீது, ஜோரா ஓடிக்கினு கீது."

சம்சாரம் உதவிக்கு வந்தார். "நான் அர டஜன் டம்ளர் குடுத்தனே?"

"நீங்க குடுத்தது ஹாட் பாக்ஸ் அத்தே. அதுவும் உங்களுக்கு யாரோ குடுத்தது. வாழ்த்து சீட்டு உள்ளயே இருந்துச்சி, உங்க வூட்டு கிரகப்பிரவேசத்துக்குன்னு."

மிச்ச ஐந்து பேரும் சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தன்னை எதுவும் கேட்டுவிடக் கூடாது என்ற கவலை ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது.

அஞ்சே முக்கால் எழுந்து நின்றாள். இடுப்பில் கை வைக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. "அன்னிக்கி பஸ் பின்னால நாய் மாதிரி ஓடுனேன் மாமா. இந்த வூட்டு சாமான்ல ஒன்னாவது என்கூட ஓடி வந்துச்சா? வேல பூடுச்சின்னா, அவ்ளோ பெரிய அண்டாவ வெச்சிக்கினு அதுல இன்னாத்த ஆக்கறது? காலைல ஒரு பொம்பள பேஜார் இல்லாம வேலைக்கு கெளம்பணும். அதுக்கு குறுக்க நிக்கறது யாரு குடுத்ததா இருந்தாலும் வெளிய போவும். திருப்பியும் குடுத்தீங்கன்னா திருப்பியும் போவும்."

எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, டீச்சர் என்பதால் அடக்கிக்கொண்டேன். பிறகு காபி வந்தது. வீட்டில் இருந்ததே நான்கு டம்ளர்கள். பஞ்சாயத்து இரண்டு பந்தியாகக் குடித்துவிட்டுக் கிளம்பியது. போகும்போது சித்தப்பா மட்டும் வாசலில் நின்று, "அந்த கடியாரம் டைம் கரெக்டா காட்டுதாம்மா?" என்று கேட்டார். அவர் போன வழியில் அங்கன்வாடி ஜன்னலில் எட்டிப் பார்த்ததாகவும் கேள்வி.

அப்புறம் அந்த வீட்டில் காலைச் சத்தமே இல்லை. நான் அலாரம் வாங்க வேண்டியதாயிற்று. கதவோரம் வரிசையாக ஐந்து ஆணிகள் அடித்தாள்: ஐடி கார்டு, பை, குடை, வீட்டுச் சாவி, வண்டிச் சாவி. ஐந்தரைக்கெல்லாம் தயாராகி வாசற்படியில் பத்து நிமிஷம் டீயோடு உட்காருவாள்.

"இன்னா பண்ற?" என்று முதல் நாள் பதறிப்போய்க் கேட்டேன்.

"சும்மா ஒக்காந்துக்கினு கீறேன் டீச்சர். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதான் மொதோ தபா."

என் வீட்டின்மேலும் அவளுக்கு ஒரு கண். ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தாள். என் பழைய பேப்பர் கட்டின்மேல் யாராவது கை வைத்தால் தெரியும் சேதி என்று நானும் வீம்பு பிடித்தேன். அந்த வீம்பை அவள் மதித்தாள், ஆணி மட்டும் ஆறாவதாக ஒன்று அடித்துக்கொண்டாள். எனக்கு அது தெரியாது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நாள், அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கோலம் போட வெளியே வந்தேன். காற்றில் கதவு சாத்தி, தானாகப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. அடுப்பு எரிகிறது. போட்டேன் ஒரு கூச்சல். அஞ்சே முக்கால் அப்போது தெருமுனையில். பஸ் வந்து நின்றதும் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். அந்தக் காலை எடுத்தாள். பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டி, "இரு!" என்றாள். ஓடி வந்து, தன் வீட்டைத் திறந்து, ஆறாவது ஆணியிலிருந்து சிவப்பு ஒயரில் கட்டிய ஒரு சாவியை எடுத்து என் கையில் திணித்தாள். குடிவந்த புதிதில் நான் கொடுத்து வைத்து, அடியோடு மறந்துபோன மாற்றுச் சாவி. பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது, கேஸ் வாடை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு நான் வெளியே வந்து பார்த்தால், பஸ் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஒன்றரை வருஷம் ஒரு நாளும் பிந்தாதவளுக்காக டிரைவர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

மாற்றலாகி நான் ஐயங்கார்குளம் பக்கம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. காலையில் தேடும் பொருள்களில் இப்போது அவள் குரலும் ஒன்று. போன மாதம் பார்க்கப் போனேன். வீடு அப்படியே காலியாக இருந்தது, டம்ளர்கள் அதே நான்கு. கதவோரம் ஆறாவது ஆணியில் சிவப்பு ஒயரோடு என் பழைய சாவி தொங்கியது.

"அந்த வீட்டுப் பூட்டையே மாத்திட்டாங்களே. மூணு மாசம் கை படாத சாமான் உன் வீட்ல இருக்கலாமா?" என்று மடக்கினேன்.

அவள் டீயை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "மூணு மாசத்துக்கு ஒரு தபா தொட்டு வெக்கறேன் டீச்சர்."