ஞானசம்பந்தம் பார்த்த இறுதிப்போட்டி

விளையாட்டு நிருபர் ஞானசம்பந்தம் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சபதம் எடுத்தார். தலையே போனாலும் இன்றைக்குக் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிடுவது!

பகலெல்லாம் திருப்பூர் மைதானங்களில் வெயிலில் காயும் மனிதர், மிச்ச நேரத்தில் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுவார். இரண்டு புத்தகங்கள் வந்து, பள்ளிக்கூட நூலகங்களில் அட்டை கிழியக் கிழியப் படிக்கப்பட்டன. மூன்றாவது, தேன்மொழி என்ற எறிபந்துக்காரச் சிறுமியின் கதை. இருபது அத்தியாயம் ஓடோடி வந்த தேன்மொழி, இறுதிப்போட்டிக்குள் நுழையாமல் மூன்று வாரமாக வாசலிலேயே நின்றாள். திங்கட்கிழமை பத்து மணிக்குள் முடிவு வராவிட்டால் வேறொருவர் புத்தகத்தை அச்சுக்கு அனுப்பிவிடுவேன் என்று பதிப்பாசிரியை சித்ரகலா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஒரு தடவ நான் ஆடறத வந்து பாருங்க. தானா வரும்" என்று மனைவி மதுமதி சொல்லிச் சொல்லி அலுத்தாள்.

மதுமதி ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பனியனில் ஒரு தையல் விட்டிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனியின் பெண்கள் எறிபந்து அணிக்குக் கேப்டனும் அவள்தான். அணி இறுதிப்போட்டிக்கு வந்திருந்தது. அதுவும் அதே ஞாயிற்றுக்கிழமை! ஊரில் நடக்கிற அத்தனை ஆட்டத்தையும் பார்த்த ஞானசம்பந்தம், பெண்டாட்டி ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. கேட்டால், "எலக்கியம் வேற, கம்பெனி ஆட்டம் வேற புள்ள" என்பார்.

இந்தத் தடவை செய்தி எழுத வேண்டியவரே அவர். ஆனால் பதினெட்டு வருட நிருபருக்கா வழி தெரியாது? அச்சுக்கு நேரமாகிற நாட்களில் செய்கிற வேலைதான். ஆட்டத்துக்கு முன்பே லேப்டாப்பில் இரண்டு செய்தி எழுதி வைத்தார். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. ஸ்கோருக்கு மட்டும் இடம் விட்டார். அதைப் புகைப்படக்காரன் பூபாலன் போனில் சொல்வதாக ஏற்பாடு.

"நா முன்னாடியே கெளம்பறன் புள்ள. பத்திரிகைக்காரன் லேட்டாப் போனா நல்லா இருக்காது."

"மகராசனாப் போயிட்டு வாங்க."

வண்டி மைதானம் இருக்கும் திசையில்கூடத் திரும்பவில்லை. காங்கேயத்தில் நண்பர் பழனிமுத்துவின் எண்ணெய் மில் மாடியில் போய் நின்றது. ஞானசம்பந்தம் தாளை எடுத்து 'கடைசி அத்தியாயம்' என்று எழுதினார். அடிக்கோடு போட்டார். அது கோணலாகத் தெரியவே இன்னொன்று போட்டார். கீழே மில் தாலாட்டியது. பழனிமுத்து போட்ட விருந்து கண்ணைச் சொருகியது. நாலு மணிக்குப் போன் அடித்து எழுப்பியபோது தாளில் தலைப்பும் இரண்டு அடிக்கோடுகளும் மட்டும் இருந்தன.

"அண்ணா, அக்கா டீம் ஜெயிச்சாச்சுங்க! கடைசி செட்டு இருபத்தஞ்சு இருபத்திமூணுங்க!" என்றான் பூபாலன்.

'ஜெயித்தால்' செய்தியில் ஸ்கோரைப் போட்டு ஆபீசுக்கு அனுப்பினார். வெற்றுத்தாளைப் பார்த்தார். புத்தகம் கைவிட்டுப் போய்விட்டது. குடும்பமாவது தப்பட்டும் என்று வீட்டுக்குக் கிளம்பினார்.

மதுமதி ஜெர்சியோடு உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா?"

"பாக்காம? கலக்கிப்போட்ட புள்ள!"

"கடைசி செட்டு எப்படீங்க இருந்துச்சு? பதட்டத்துல எனக்கு ஒண்ணுமே நெனப்பில்லீங்க."

இப்படிக் கேட்டால் எந்த நாவலாசிரியர் சும்மா இருப்பார்?

"இருபத்திநாலு, இருபத்திமூணு. கூட்டமே மூச்சு உடல. பந்து உன்கிட்ட வருது. கால் வழுக்குது, முழங்கால் சுளுக்குது. ஆனா நீ பந்த உடல!"

"நானுங்களா?"

"நீயேதான்! புடிச்ச பந்த மூணு செகண்டுல எறியோணும். மொத செகண்டு, வலி. ரெண்டாவது செகண்டு, எதிர்ல நிக்கற புள்ளயப் பாக்கற. அவ பயந்திருக்கறா. உனக்குப் பாவமா இருக்குது."

"மூணாவதுங்க?"

மூன்றாவது செகண்டு மட்டும் பதினைந்து நிமிடம் நீண்டது. ஞானசம்பந்தம் ஸ்டூல் மேல் ஏறினார். தலையணையை எறிந்தார். பந்து எதிர்ப்பக்கம் விழுந்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

மதுமதி தைல டப்பாவுக்குப் பின்னாலிருந்த போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்ன புள்ள அது?"

"ரெக்கார்டிங்குங்க. உங்க கடைசி அத்தியாயம். 'நீ'ன்னு வர்ற எடத்துல தேன்மொழின்னு போட்டுட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க."

"அப்ப நீ இன்னைக்கு ஆடுனது..?"

"நா எங்கீங்க ஆடுனேன்? எதிர் டீம் கம்பெனில ஷிப்மென்ட் அவசரம். நேத்தே எல்லாரையும் ஓவர்டைமுக்குக் கூப்புட்டுட்டாங்க. மேட்ச் அடுத்த ஞாயிறு."

ஞானசம்பந்தம் தன் போனைத் தேடி எடுத்தார். "ஐயையோ! நா செய்திய அனுப்பிட்டனே!"

"பூபாலன் காத்தாலயே உங்க ஆபீசுல சொல்லிப்போட்டானுங்க. அத யாரும் போடமாட்டாங்க."

"அவன் உன்ற ஆளா?"

"லேப்டாப்புல ரெண்டு செய்தியப் பாத்தன். அவனக் கூப்புட்டுக் கோழிக்கொழம்பு ஊத்துனன். ரெண்டாவது கரண்டியிலயே அத்தனையும் சொல்லிப்போட்டான். 'கேப்டனின் கவனக்குறைவே தோல்விக்குக் காரணம்'னு எழுதியிருக்கீங்களாட்ட இருக்குது?"

ஞானசம்பந்தம் தரையில் எதையோ தேடினார்.

"கோவமில்லீங்க. எழுத உக்காந்தா உங்களுக்கு ஒரு வரி வரமாட்டீங்குது. பொய் சொல்ல உட்டா நிக்காம வருது. அதான் உட்டுப் பாத்தன்."

கோபப்பட வேண்டியவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. அப்போதே உட்கார்ந்து எழுதினார். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அத்தியாயம் சித்ரகலாவுக்குப் போனது. மதியம் பதில் வந்தது. 'அச்சுக்கு அனுப்புகிறேன். இந்தப் பெண் ஆடுவதை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது.'

ஞானசம்பந்தத்துக்குச் சுருக்கென்றது. நேரே அடுப்படிக்குப் போனார்.

"அடுத்த ஞாயிறு சத்தியமா வர்றன் புள்ள. சேர் போட்டு உக்காந்து, முழுசாப் பாக்கறன்."

"சேரெல்லாம் கெடையாதுங்க" என்றாள் மதுமதி, தோசையைத் திருப்பிக்கொண்டே. "லைன் அம்பயருக்கு உங்க பேரத்தான் குடுத்திருக்கறன். கொடியப் புடிச்சுக்கிட்டு மூணு செட்டும் நிக்கோணும்."