ஆமைச் சாமியும் சோப்பு டப்பாவும்

கடலுக்குள் இருக்கும் ஆமை எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கரையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடும் மகான் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். எங்கள் தெருச் சாக்கடை எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் ஆறு மாதமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தோம். அதை அவர் சொல்ல மாட்டாராம். ஆமை மட்டும்தானாம். சரி, அதுவாவது கிடைத்ததே என்று ஊரே திரண்டது.

துறைமுகத்தை ஒட்டிய கடற்கரையில் பந்தல், ஒலிபெருக்கி, நீலப் பட்டில் சாமி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பெரிய சங்கு ஒன்றைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு, "கிழக்கே, மூவாயிரம் அடி. அம்மா மேலே வருகிறாள். மூச்சு விடுகிறாள்" என்பார். படகை எடுத்துக்கொண்டு ஓடிப் பார்த்தால் உண்மையாகவே அங்கே ஓர் ஆமை தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முதுகில் கறுப்பாக என்னவோ துருத்திக்கொண்டிருக்கும். அது அம்மாவின் கிரீடம் என்றார் சாமி. கிரீடத்தைத் தலையில்தானே வைப்பார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா நீந்திய தண்ணீர் பாட்டிலில் விற்றது. என் மனைவியும் ஒன்று வாங்கி வந்தாள். நான் இரண்டு மூடி குடித்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஐஸ் ஃபாக்டரி வேலைக்கு நான் போகவில்லை. எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று விவரிக்க வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்காதவள் என் அக்கா ஒருத்திதான். வலை பின்னுவது அவள் தொழில். அவள் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கடலில் மீன் அற்றுப்போனது. அத்தான் படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, எங்கோ கட்டட வேலைக்குப் போனார். மாதம் ஒருமுறை போன் வரும். அக்கா அப்போது அழுத அழுகை எனக்குத் தெரியும். பிறகு மீனவர் சங்கம் கூடி, பாறைப் பக்கம் ஒரு துண்டுக் கடலில் யாரும் வலை போடக் கூடாது என்று முடிவு செய்தது. அந்த இடத்தில் மீன் முட்டையிட்டது, வளர்ந்தது, பெருகி வெளியே வழிந்தது. சின்னப் படகுகளுக்குப் பிழைப்பு திரும்பியது, அத்தானும் திரும்பினார்.

இப்போது சாமி என்ன சொன்னார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அம்மா கரையேறி அவர் காலடிக்கே வருவாளாம். வந்துவிட்டால், மூடிய கடலைத் திறந்துவிட உத்தரவு என்று அர்த்தமாம். வராவிட்டால், இன்னும் மூடி வைத்திருக்கிறோம் என்று கோபமாம். ஆக, வந்தாலும் திறக்க வேண்டும், வராவிட்டாலும் திறக்க வேண்டும். அன்று மாலையே சங்கத்தில் கைதூக்கல். பந்தலும் ஒலிபெருக்கியும் பெரிய விசைப்படகு முதலாளி உபயம். அவருக்கு ஆமையின் மேல் திடீரென்று எப்படிப் பாசம் பொங்கியது என்றும் யாரும் கேட்கவில்லை.

அக்கா வீட்டு மாடியில் கடல் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி குடியிருந்தாள். அவள் முதல் வாரமே பந்தலுக்குப் போய் உடைத்துச் சொன்னாள்.

"அது கிரீடம் இல்லீங்க. போன வருஷம் நாங்க ஒட்டின கருவி. ஆமை மேல வர்றப்பல்லாம் எங்க இருக்குன்னு செயற்கைக்கோளுக்குச் சொல்லும். ஸ்கூல் பிள்ளைங்க பார்க்கட்டும்னு அதை இணையத்துல போட்டிருக்கோம். நடுவுல துறைமுகம், சுத்தி வட்டம், ஆமை ஒரு புள்ளி, அவ்வளவுதான்; எது கரை, எது கடல்னுகூடக் காட்டாது. அதைப் பார்த்துத்தான் சொல்றாரு."

"சாமி கையில போனா இருக்கு? சங்குதானேம்மா இருக்கு" என்றது கூட்டம். "ஒட்டியது அவள், ஒட்ட வைத்தது நான்" என்றார் சாமி. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அந்த இணையப் பக்கத்தை அதுவரை மூன்று பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். நாலாவதாகப் பார்த்த பக்தர் யார் என்று அவளுக்கு மட்டும் புரிந்தது.

வீட்டில் அத்தானே அக்காவிடம் சண்டைக்கு நின்றார்.

"படிச்ச பொண்ணு பேச்சைக் கேட்டுக்கிட்டு ஆடாதே. சாமி சொன்ன இடத்துல ஆமை இருந்துச்சா இல்லையா? என் கண்ணால பார்த்தேன்."

"பார்த்தீங்க. கடலைத் திறந்தா ஒரே மாசத்துல விசைப்படகு வழிச்சு எடுத்துட்டுப் போயிடும். அப்புறம் உங்களை நான் எங்க பார்க்கிறது, போன்லயா?" என்றாள் அக்கா. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பந்தலுக்குப் போனார்.

சனிக்கிழமை காலை அக்கா கரையோரமாக நடந்தபோது, பாசிக்குள் கறுப்பாக ஒன்று கிடந்தது. சோப்பு டப்பா அளவு, மேலே வால் மாதிரி ஒரு கம்பி. எடுத்து வந்து மாடிக்காரப் பெண்ணிடம் காட்டினாள்.

"அக்கா, இது அந்த ஆமையோட கருவிதான். ஒரு வருஷத்துல பசை விட்டுத் தானா கழண்டுடும். ஆமைக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இது இன்னும் வேலை செய்யுது பாருங்க" என்று மடிக்கணினியைத் திருப்பினாள். புள்ளி துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே மின்னியது. "நல்லதாப் போச்சு. பக்கத்தை மூடிடுறேன். நாளைக்கு அந்தாளு என்ன சொல்றாருன்னு பார்ப்போம்."

"மூடாதே பாப்பா. மூடினா அம்மா கோச்சுக்கிட்டா, அதுக்குக் காரணம் மாடி வீட்டுப் பொண்ணுன்னு சொல்லுவான். அது பாட்டுக்கு ஓடட்டும்" என்ற அக்கா, டப்பாவைத் துடைத்து வலைக்கூடையில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பி, நாளைக்கு எனக்குத் துணைக்கு வா. அம்மாவைக் கொஞ்சம் காத்தாட நடத்திட்டுப் போவோம்."

ஞாயிறு பதினொன்றரைக்குக் கூடையோடு கிளம்பினோம். ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கேட்டது.

"அம்மா புறப்பட்டுவிட்டாள். கரை நோக்கி வருகிறாள். ஆயிரத்து இருநூறு அடி."

தேநீர்க் கடையில் நின்றோம். அக்கா நிதானமாக ஆற்றிக் குடித்தாள்.

"அம்மா நின்றுவிட்டாள். நம் பக்தியைச் சோதிக்கிறாள்" என்றார் சாமி. கூட்டம் உருகியது.

கிளம்பிப் பாதி தூரம் போனதும் அக்காவுக்குக் குடை ஞாபகம் வந்தது. கடைக்குத் திரும்பி நடந்தோம்.

"ஐயோ, அம்மா திரும்பிப் போகிறாள். யாரோ ஒரு பாவி இங்கே இருக்கிறான்" என்று அலறினார் சாமி. எழுநூறு பேர் கன்னத்தில் அடித்துக்கொண்டு அழும் சத்தம் கடைவரை கேட்டது. குடையை எடுத்துக்கொண்டோம். அம்மா மனமிரங்கினாள்.

பந்தலுக்குள் நுழைந்தபோது எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலைக்கூடைக்காரியை யார் பார்ப்பார்கள்? அக்கா விடுவிடென்று மேடையேறிச் சாமியின் முன்னால் போய் நின்றாள். கண்ணை மூடியிருந்த சாமி சங்கை இன்னும் அழுத்திக் காதில் வைத்தார். நெற்றி வியர்த்தது. ஆனால் வாய் பழக்கதோஷத்தில் ஓடியது.

"வந்துவிட்டாள். என் எதிரே நிற்கிறாள். விழுந்து வணங்குங்கள்."

எழுநூறு பேரும் மணலில் விழுந்தார்கள், மேடையில் நின்ற என் அக்காவைப் பார்த்து. முதல் வரிசையில் அத்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் அக்காவை வணங்கியது அதுதான் முதல் தடவை.

"போதும், எழுந்திரிங்க. மணல் சுடும்" என்றாள் அக்கா.

சாமி கண்ணைத் திறந்தார். நான் ஜென்மத்தில் அப்படி ஒரு முழியைப் பார்த்ததில்லை. அக்கா அவர் கையிலிருந்த சங்கை வெடுக்கென்று பிடுங்கி, ஒலிபெருக்கியின் முன்னால் பிடித்தாள். சங்கு பேசியது.

"மச்சான், புள்ளி உன் காலடியிலயே நிக்குது. கண்ணைத் திறந்து பாரு, ஆமை தெரியுதா? மச்சான், பயமா இருக்கு. முதலாளிக்குப் போன் போடவா?"

பந்தலுக்குப் பின்னால் நின்ற வேனைத் திறந்தால், சாமியின் மைத்துனர் உள்ளே மடிக்கணினியும் காதில் போனும் சிப்ஸ் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தார். அக்கா கூடையிலிருந்து டப்பாவை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"நேத்துக் கரையில கிடந்துச்சு. இதைக் கூடையில வச்சுக்கிட்டு நான் தேநீர்க் கடைக்கும் பந்தலுக்கும் நடந்ததைத்தான் இவரு அம்மா வர்றா, போறான்னு சொன்னாரு. சாமி, இப்பச் சொல்லுங்க, நிஜ ஆமை எங்க இருக்கு?"

சாமி மேடையின் பின்படியைத் தேடினார். கூட்டத்தில் நின்ற மாடிக்காரப் பெண்ணிடமும் ஒருவர், நிஜ ஆமை எங்கே என்று கேட்டார்.

"எனக்கும் தெரியாதுங்க" என்றாள் அவள். "தெரியாதுன்னு சொன்னா எங்க வேலையில யாரும் வெட்கப்பட மாட்டோம். ஆனா மூடின கடல்ல மீன் எவ்வளவு கூடியிருக்குன்னு மூடின நாள்லேர்ந்து எண்ணி வச்சிருக்கேன். நம்ப வேணாம். வாங்க, தண்ணிக்குள்ள இறங்கி நீங்களே எண்ணுங்க."

மாலையில் சங்கத்தில் கைதூக்கினார்கள். கடல் மூடியே இருக்கட்டும் என்பதற்கு முதலில் உயர்ந்தது அத்தானின் கை. மனைவியின் முகத்தைப் பார்க்காமல் தூக்கினார், ஆனால் நன்றாக உயர்த்தித் தூக்கினார். விசைப்படகு முதலாளிக்கு அன்று ஏதோ அவசர வேலையாம், வரவில்லை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

நம் ஜனங்கள் அதோடு விடுவார்களா? கூட்டம் முடிந்ததும் டப்பாவை ஒருமுறை தொட வேண்டுமென்று அக்கா வீட்டு வாசலில் வரிசை கட்டிவிட்டார்கள். "அக்கா, நீங்களே ஒரு வாக்குச் சொல்லுங்க, நாளைக்கு எந்தப் பக்கம் வலை போடட்டும்?" என்று கைகூப்பினார் முன்னால் நின்ற படகுக்காரர்.

அக்கா டப்பாவை மாடிக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று சொன்னாள்:

"இதைத் தொடறதுக்குத்தான் வரிசையில நிக்கணும். யோசிக்கிறதுக்கு வரிசையே கிடையாது, ஒருத்தரும் இடிக்க மாட்டாங்க, அவங்கவங்க வீட்டுல உட்கார்ந்தே செய்யலாம். போய் ஆரம்பிங்க."