சேர் ஹார்கோட் பிம் ஏற்றருளிய மாடு

நீதி என்பது மலையேறி வந்து கண்டியில் குடிபுகுந்தது, சேர் ஹார்கோட் பிம் இங்கே உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்ற அன்றுதான். அதற்குமுன் அவர் பல தேசங்களில் தூதராக இருந்தவர். எந்த அரசரும் அவரைக் கோபித்ததில்லை. அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை, கொடுத்ததை மறுத்ததுமில்லை. இப்பேர்ப்பட்ட "சமாதானச் செம்மல்" முன்னிலையில்தான் கட்டுகஸ்தோட்டை முஹைதீனின் மாடு போய் நின்றது.

ஹுன்னஸ்கிரியத் தோட்டங்களிலிருந்து பொதிமாடுகளில் கோப்பி இறக்குவது முஹைதீனின் தொழில். முன்மாடு நடந்தால்தான் மற்றவை நடக்கும். அந்த முன்மாடு தன் கோப்பிச் செடிகளைத் தின்றுவிட்டது, ஆகவே அது தனக்கே சொந்தம் என்று ஒரு தோட்டத்துரை வழக்குப் போட்டிருந்தார். மாடு போனால் பிழைப்பும் போச்சு.

மாட்டை நேரில் காட்டும்படி உத்தரவு. பெரிய இடத்துக்குப் போகிற மாடாயிற்றே! முஹைதீன் அதைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, கழுத்தில் சோழிமாலை கட்டி, முதுகில் பட்டு விரித்து அழைத்து வந்தார்.

நீதிமன்ற முற்றத்தில் விசாரணை. கோப்பிக் கொப்பு ஒன்றை மாட்டின் மூக்கருகே நீட்டினார்கள். மாடு முகர்ந்தது, அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வழக்குத் தள்ளுபடி!" என்றார் சேர் பிம்.

முஹைதீன் சந்தோஷமாகக் கயிற்றைப் பிடித்தார். நீதிபதியும் பிடித்தார். பழக்கதோஷம்! அலங்கரித்த பிராணி முன்னால் வந்தால் அது அரசர் அனுப்பிய காணிக்கை. தலைவணங்கி வாங்கிக்கொள்வதே தூதர் தர்மம். வணங்கினார், வாங்கிக்கொண்டார்.

"யா அல்லாஹ்! நான் மாட்டக் குடுக்க வரல்ல. காட்டத்தான் கொண்டு வந்த!"

மொழிபெயர்ப்பாளர் நடராஜா யாழ்ப்பாணத்துக்காரர். குரலைத் தாழ்த்தினார்: "சத்தம் போடாதையும் நானா. குடுத்த பரிசைத் திருப்பிக் கேட்டால் ரெண்டு தேசத்துக்கும் சண்டை வரும் எண்டு நீதிபதி துரை சொல்லுறார்."

"எனக்கேது தேசம்? எனக்கு இருக்கிறது ஒரு முன்மாடு!"

"அதுவும் இப்ப இல்லை."

சேர் பிம்மின் கருணை அத்தோடு நிற்கவில்லை. தோற்றவர் மனம் நோக விடுவது ராஜதந்திரமா? மாட்டைத் தோட்டத்துரைக்கே அன்பளிப்பாக வழங்கிவிட்டார். "இரு தரப்பாருக்கும் பூரண திருப்தி" என்று தீர்ப்பில் பதிவாயிற்று. முஹைதீனுக்கும் குறை வைக்கவில்லை. வென்றதற்காகக் கைகுலுக்கினார்.

குலுக்கிய கையைப் பார்த்தபடியே படியிறங்கிய முஹைதீன் திரும்பி நின்றார். கூரைமேல் வெள்ளைக்காரன் கொடி படபடத்தது.

"நடராஜா ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளும்."

"இந்தக் கண்டி ராச்சியத்தையும் அந்தக் காலத்துல யாரோ இவங்களுக்குச் சும்மா காட்டத்தான் கொண்டு போயிருப்பாங்க, என்ன?"