சின்னப் பெரியவர்களின் அமைதி மூலை

மனித குலம் தன் குழந்தைகளை மதிக்கக் கற்றுக்கொண்ட இடம் எது என்று வருங்காலச் சரித்திரம் ஒருநாள் கேட்கும். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில், டயர் கடைக்கு மேலே, முதல் மாடி என்று நாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அங்கேதான் ‘சின்னப் பெரியவர்கள்’ மழலையர் விளையாட்டகம் நடக்கிறது.

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் நிவேதிதாவுக்கு, மகன் பரத்தை அங்கே சேர்த்தபோது வந்த பெருமை ஃப்ளாட் வாங்கியபோதுகூட வரவில்லை. நாலு வயதுப் பரத்தை அங்கே எல்லோரும் ‘சார்’ என்றார்கள். அனுமதி கேட்காமல் அவனை யாரும் தொடுவதில்லை.

“சார், மூக்கு ஒழுவுது. தொடைக்கட்டா சார்?” என்று ஆயா முனியம்மா குனிந்து நிற்பாள். சார் யோசிப்பார். மூக்கு காத்திருக்காது.

“வேணாம்.”

“வேணாங்கறாரு மேடம். இன்னா பண்றது?”

“திரும்பக் கேளுங்க முனியம்மா,” என்பார் இயக்குநர் எழிலரசி. “மறுக்கிற உரிமை குழந்தைக்கு உண்டு. சரின்னு சொல்ற வரைக்கும் கேட்கிற உரிமை நமக்கு உண்டு.”

இவ்வளவு தெளிவான ஜனநாயகத்தை நிவேதிதா தன் கம்பெனியில்கூடப் பார்த்ததில்லை.

புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. எல்லாமே விளையாட்டுதான். காலையில் ‘சுதந்திர விளையாட்டு’. நீலக் கிண்ணத்து மணலை மஞ்சள் கிண்ணத்தில் கொட்ட வேண்டும். மஞ்சளிலிருந்து நீலத்துக்குக் கொட்டுகிறவர் இன்னும் சுதந்திரத்துக்குத் தயாராகவில்லை என்று பொருள். அழுகிறவர்களை யாரும் அதட்டுவதில்லை. கையைப் பிடிக்க அனுமதி கேட்டு, ‘அமைதி மூலை’க்கு அழைத்துப் போய், மெத்தையில் உட்கார வைப்பார்கள். ‘சந்தோஷமா இருக்கேன்’ என்று அவராகவே சொன்னதும் எழுந்து வரலாம்.

முதல் மாதம் பரத் அந்த மூலையிலேயே குடியிருந்தான். பிறகு அழுகையை விட்டுவிட்டான். வீட்டில் சோபா மேல் ஏறிக் குதிப்பதையும் விட்டுவிட்டான். வேறு இடம் பார்க்கலாமா என்று நிவேதிதா ஓரிரு முறை யோசித்தாள். ஆனால் பெரிய பள்ளியில் எல்.கே.ஜி. கிடைக்க எழிலரசி தரும் ‘இயல்பான விளையாட்டுச் சான்றிதழ்’ வேண்டியிருந்தது. அது கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

சான்றிதழ் நாளும் வந்தது. பெற்றோர் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் ஒரு வாரம் ஒத்திகை பார்த்த தன்னிச்சையோடு வரிசையாக மணல் கொட்டினார்கள்.

“பரத் சார், உங்களுக்குப் பிடிச்சதை விளையாடுங்க,” என்றார் எழிலரசி, கண்ணால் நீலக் கிண்ணத்தைக் காட்டி.

பரத் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. “ஸ்கூல் விளையாட்டு,” என்று சொல்லிவிட்டு நேரே அம்மாவிடம் வந்தான்.

“மேடம், உங்க கையைப் பிடிக்கலாமா?”

பெற்றோர் உருகிப் போனார்கள். நிவேதிதா சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தாள். அவன் அவளை அமைதி மூலைக்குக் கூட்டிப் போய் மெத்தையில் உட்கார வைத்தான்.

“சந்தோஷமா இருக்கீங்களா மேடம்?”

“போதும்டா கண்ணா, அம்மாகிட்ட வா,” என்று அவள் எழப் பார்த்தாள். பரத் இரண்டு கையாலும் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தான். இதற்கு அவன் அனுமதி கேட்கவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். “பாத்தீங்களா, என்ன ஒரு கற்பனை,” என்ற எழிலரசி அங்கேயே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். நிவேதிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அழலாம் மேடம், தப்பில்ல,” என்றான் பரத், எழிலரசியின் அதே கனிவான குரலில். “ஆனா சந்தோஷம்னு சொன்னாதான் அம்மா வருவாங்க.”