பச்சை பூத்த விரல்

"தேய்க்காதேடி! தோல் உரிஞ்சிடப் போகுது!"

தங்கை கேட்கவில்லை. பழைய பல் பிரஷ்ஷில் சோப்பைக் குழைத்து, மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவே விட்டு உரசிக்கொண்டிருந்தாள். செம்பு மோதிரம். அதன் அடியில் பாசி படிந்தாற்போல் ஒரு பச்சை வளையம்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல விரல் ஐயா முன்னாடி கையை நீட்டணும் அக்கா. பச்சை இருந்தா கல்யாணமே இல்லைன்னு அத்தை கறாரா சொல்லிட்டாங்க."

அத்தை என்றால் வருங்கால மாமியார். தேதி குறித்து, அழைப்பிதழ் அச்சாகி, மாப்பிள்ளைக்குச் சட்டையும் தைத்த பிறகுதான் அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. பெண்ணோடு கெட்ட நேரமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால்? ஐந்து நாளைக்கு முன் மோதிரத்தை மாட்டிவிட்டுப் போனார்.

விரல் ஐயாவைத் தெரியாதா உங்களுக்கு? அப்படியானால் உங்கள் விரல் இன்னும் சொந்த நிறத்தில் இருக்கிறது. வாழ்த்துகள்! அவருடைய மோதிரம் உடம்பிலுள்ள கெட்ட நேரத்தை உறிஞ்சி வெளியே தள்ளுமாம். தள்ளியதுதான் பச்சை. இளம்பச்சை என்றால் பக்கத்து வீட்டுக்காரியின் கண். கரும்பச்சை என்றால் மூன்று வருஷச் சோதனை. பரிகாரம்? பத்து மடங்கு விலையில் இரண்டாவது மோதிரம். முதல் மோதிரத்தைக் கழற்றிவிட்டு அதைப் போட்டால் பச்சை நின்றுவிடும். எல்லோருக்கும் நின்றது. அப்புறம் நம்பாமல் என்ன செய்வார்கள்?

"ரெண்டாவது மோதிரம் போட்டுக்கறேன்னு சொன்னேன். 'ரிப்பேர் பண்ணின பொண்ணு நமக்கு எதுக்கு'ங்கறாங்க."

அக்கா செம்புக் கம்பியில் தோடும் வளையலும் முறுக்கி விற்பவள். கம்பி முறுக்கும் குறட்டை மேஜையில் வைத்தாள்.

"வேர்வை பட்டா செம்பு பச்சையாகும். அவ்வளவுதான். கழுவாதே, அப்படியே வா." ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டாள்.

விரல் ஐயாவின் மாடி ஹாலில் நிற்க இடமில்லை. டோக்கனோடு காத்திருந்தவர்கள் விரலை விரித்துப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு எவ்வளவு?"

"மூணு வருஷம்."

"ப்பூ! எனக்கு ஏழு! ரெண்டாவது மோதிரமே போட்டாச்சு!"

ஏழு வருஷக்காரரைச் சுற்றி மரியாதையாக இடம் விட்டிருந்தார்கள். முன்வரிசையில் மாமியார். அவருக்குப் பின்னால், இருப்பதே தெரியாமல் மாப்பிள்ளை.

தங்கையின் எண்ணைக் கூப்பிட்டதும் அக்கா முந்திக்கொண்டாள். "ஐயா, முதல்ல எங்க வீட்ல ஒருத்தருக்குப் பாருங்க. மூணு நாளைக்கு முன்னாடி இங்கதான் மோதிரம் வாங்கினேன். அவரால எழுந்து வர முடியாது."

"மோதிரம் போதும்மா. விரல் பொய் சொல்லும், மோதிரம் சொல்லாது." அக்கா நீட்டிய மோதிரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர் உச்சுக் கொட்டினார். "அடடா! கரும்பச்சை! ரொம்ப காலம் இருட்டுல கிடந்த ஜீவன்."

"ஆமாங்க ஐயா."

"பிறந்த மண்ணை விட்டுப் பிரிச்சிருக்காங்க."

"வேரோட பிடுங்கிட்டாங்க ஐயா!"

"கத்தியால ஒரு கண்டம் இருக்கு."

"அதுல சந்தேகமே இல்லைங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஏழு வருஷக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஒரு கேரட். இடுப்பில் பச்சை வளையம்.

"இவர்தாங்க அவர். உப்புத் தண்ணியும் ரெண்டு சொட்டு வினிகரும் தடவி மோதிரத்தை மாட்டினேன். கேரட்டுக்கு யார் வச்ச கண்ணு ஐயா?"

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் ஹாலே சிரித்தது.

"காய்கறிக்கும் உயிர் உண்டு!" விரல் ஐயா எழுந்துவிட்டார். "பரிகார மோதிரத்தைப் போட்டுப் பார், அதுக்கும் பச்சை நிக்கும்!"

"நிக்கும். ஏன்னு பார்ப்போமா?" அக்கா பையிலிருந்து ஒரு நகவெட்டியை எடுத்து ஏழு வருஷக்காரரிடம் நீட்டினாள். "அண்ணே, உங்க ரெண்டாவது மோதிரத்தைக் கழட்டி இதால சுரண்டுங்க."

சுரண்டினார். வெங்காயச் சருகைப்போல் மெல்லிய தோல் ஒன்று உரிந்து வந்தது.

"செம்பு கறுக்காம இருக்க மேல அடிக்கற பூச்சு, அண்ணே. வேர்வை செம்பைத் தொட்டாத்தானே பச்சை?"

அண்ணன் பூச்சைப் பார்த்தார். விரல் ஐயாவைப் பார்த்தார். அதற்குள் விரல் ஐயா பின்வாசலைப் பார்த்துவிட்டார். ஆனால் அங்கேயும் டோக்கன்காரர்கள்தான் நின்றிருந்தார்கள்.

மாமியார் தன் பரிகார மோதிரத்தையும் ஓசைப்படாமல் சுரண்டிப் பார்த்தார். பிறகு தங்கையின் கையைப் பிடித்து மோதிரத்தை உருவினார்.

"தேதியில மாத்தமில்லை. ஆனா ஒண்ணு, எங்க வீட்ல கேரட் வாங்காதேம்மா. பார்த்தா எனக்கு வெட்கமா இருக்கும்."

மாப்பிள்ளைக்கு இப்போதுதான் குரல் வந்தது. "நான் அப்பவே நினைச்சேன்மா."

"நினைச்சா போதாது மாப்பிள்ளை," என்றாள் அக்கா. "வாயைத் திறந்து கேட்கணும்."

படியிறங்கும்போது தங்கைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

"என்னக்கா? ஜெயிச்சுட்டியே!"

"மோதிரம் முறுக்கும்போது கம்பி முனையை எல்லாரும் வலப்பக்கம் மடிப்பாங்க. நான் இடது கைக்காரி, இடப்பக்கம் மடிப்பேன். உன் விரல்ல மாட்டினப்பவே பார்த்துட்டேன்."

"எதை?"

"பரிசுக்கடைன்னு சொல்லி ஒருத்தன் போன்ல ஆர்டர் கொடுத்தான். முந்நூறு மோதிரம் பூச்சோட, முந்நூறு பூச்சில்லாம. எதுக்கு ரெண்டு விதம்னு நான் ஒரு வார்த்தை கேட்கலைடி. அத்தனையும் நான் முறுக்கினது."