வாணாம் கண்டக்டர்

காலை ஆறு நாற்பது. போளூர் பஸ் நிலையத்தில், ஜமுனாமரத்தூர் பஸ்ஸின் பின்படிக்கட்டில் ஒரு சிறுமியின் பாவாடை விரிந்து நின்றது. அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து ஓட்டை தேடிக்கொண்டிருந்த கண்டக்டரின் முகம் பாவாடைக்குப் பின்னால் இருந்தது. குரல் மட்டும் வெளியே வந்தது.

“வாணாம்.”

கீழே நின்றவர் அரிசி மண்டி வைத்திருந்தவர். “இன்னாய்யா வாணாம்? நல்லாத்தானே கீது?”

“நாளைக்கு உங்க பொண்ணு இதப் போட்டுக்கினு ஸ்கூலுக்குப் போவாளா?”

“அவ எதுக்குப் போடணும்? அவளுக்கு வேற கீது.”

“அப்ப வாணாங்க.”

பாவாடை மடிக்கப்பட்டு, மரியாதையாக, மண்டிக்காரர் கைக்குத் திரும்பிப் போனது. விசில் ஒலித்தது. பஸ் கிளம்பியது.

ஜவ்வாது மலைக்கு ஏறி இறங்கியவர்களிலேயே, கேட்டு வாங்கப் போன இடத்தில் கொடுக்கிறவரை அதட்டியவர் இவர் ஒருவர்தான். டெப்போவில் இவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். போளூரிலிருந்து மலை வரைக்கும் ‘வாணாம் கண்டக்டர்’ என்றால்தான் தெரியும். எழுபதுகளின் கடைசியில், ஒரு நாளிதழுக்குச் சந்தைச் செய்தி சேகரிக்க நான் அந்த பஸ்ஸில் அடிக்கடி போய்வந்தேன்.

துணி சேர்க்கிற வேலையை அவர் ஆரம்பித்தது ஒரு தப்பான யூகத்தில். மலையேறி முடிந்ததும் வரும் ஒரு நிறுத்தத்தில், பச்சைப் பாவாடை போட்ட பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி தினமும் ஏறுவாள். ஒரு நாள் வாய் ஓயாமல் பேசுவாள். மறுநாள் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். மலைக்குளிருக்குத் துண்டை முகம் மறையச் சுற்றியிருப்பதால் முகம் சரியாகத் தெரியாது. அவர் கவலைப்பட்டு டிரைவரிடம் சொன்னார்:

“இந்தப் புள்ளைக்கு இன்னாமோ காத்து பட்டிருக்குதுய்யா. அவங்கப்பன்கிட்ட சொல்லி மந்திரிக்கணும்.”

“மொதல்ல நீ மந்திரிச்சுக்க” என்றார் டிரைவர்.

பேசுகிற நாள் ஒன்றில் நேராகவே கேட்டார். “நேத்து ஏன் பாப்பா உம்முனு இருந்த?”

“நேத்து நான் எங்க வந்தேன்? அது எங்கக்கா.”

“அவளுக்கும் இதே மாதிரி பாவாடையா?”

“இதே மாதிரி இல்லணா. இதேதான்.”

அன்று அதற்கப்புறம் அவர் விசில் ஊதவில்லை. அடுத்த இரண்டு நிறுத்தங்களில் இறங்க வேண்டியவர்கள் கூரையைத் தட்டிக் கத்த வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் விசாரித்தார். அக்கா ஐந்தாம் வகுப்பு, தங்கை மூன்றாம் வகுப்பு. பாதி நாள் வந்தால் அக்கா தேற மாட்டாள் என்றார் தலைமை ஆசிரியர். அவர்களுடைய அப்பா சாமை விதைக்கிறவர். ஒரு துணியில் இரண்டு பேரை எதற்குப் படிக்க வைப்பது, தை பிறந்தால் பெரியவளை நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

பின் சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி வந்தது அதற்குப் பிறகுதான்.

வாங்குவதற்கு அவரிடம் சட்டம் இருந்தது. பட்டன் போயிருந்தால் வாணாம். கிழிசல் தைத்திருந்தால் வாணாம். பட்டுப் பாவாடை கொண்டுவந்த அம்மாளிடம், “ஒருத்தி பட்டுல உக்காந்தா பக்கத்துல உக்கார்றவளுக்கு நான் எங்க போவேன்?” என்றார். நான் கொடுத்த சட்டையின் காலரைப் புரட்டிப் பார்த்து, “திருப்பித் தெச்சது” என்று நீட்டினார். இன்னும் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்றேன். “போட்டுக்கங்க” என்றார்.

புகார் டெப்போவுக்குப் போனது. மேனேஜர் கூப்பிட்டு, “நீ பஸ் ஓட்டறியா, துணிக்கடை நடத்தறியா?” என்று கேட்டார். “பஸ்ஸ டிரைவர் ஓட்டறாருங்க” என்றார் இவர். அந்த வாரமே மேனேஜர் வீட்டிலிருந்து இரண்டு அரை டிராயர் வந்தது. ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

விநோதம் என்னவென்றால், அவர் திருப்பத் திருப்ப ஊரில் ரோஷம் ஏறியது. ‘எங்க வூட்டுத் துணிய ஒண்ணும் சொல்லாம வாங்கிக்கினான்’ என்று ஜனங்கள் பெருமை பேசினார்கள். மண்டிக்காரர் மனைவி, மகள் பொங்கலுக்குப் போட்ட நீலப் பூப்போட்ட பாவாடையைத் துவைத்து, தேய்த்து, தானே கொண்டுவந்து கொடுத்தார். அவர் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பெட்டியில் வைத்தார். அது அக்காவுக்குப் போனது. நாற்பது பிள்ளைகளுக்கு மேல் உடுத்தக் கிடைத்த பிறகு செய்தி போடலாமா என்று கேட்டேன். “குடுத்தவங்க பேரப் போட்டா வாங்கினவங்க பேரும் வந்துடும். வாணாம்” என்றார்.

பேர் பேப்பரில் வரவில்லை. பஸ்ஸில் வந்தது. கார்த்திகையில் ஒரு நாள் மண்டிக்காரர் மனைவி சொந்தக்காரர் வீட்டுக்கு மலைக்கு வந்தார். அக்கா ஏறியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்தவரிடம், “தோ பாரு, எங்க பொண்ணோட பாவாடை. எவ்ளோ பாந்தமா கீது” என்றார். அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் தங்கை மட்டும் வந்தாள். கையில் நீலப் பாவாடை மடித்திருந்தது.

“அக்கா குடுக்கச் சொல்லுச்சு.”

“இன்னா சொன்னா?”

“வாணாம்னுச்சு.”

அந்த ஒரு சொல்லைத் தனக்கு நேராக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. அன்று முதல் தினமும் பேசுகிற பெண்ணே வந்தாள். பேச்சு நிற்கவில்லை. அவர்தான் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விடுவார்.

பிறகு அவர் செய்த காரியம்தான் இன்றும் போளூரில் பேசப்படுவது. யார் வீட்டுத் துணி என்று எவருக்கும் தெரியக் கூடாது என்று முடிவு செய்தார். பிள்ளைகளிடம் இருந்ததையெல்லாம் திரும்ப வாங்கி, அக்கா திருப்பியனுப்பிய நீலப் பாவாடையையும் சேர்த்து, ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் உறவினர் வீட்டில் மொத்தமாக முக்கினார். தொட்டியில் மிஞ்சியிருந்தது கத்திரிக்காய் நிறம். கண்டக்டருடைய சொந்த மகளின் நல்ல பாவாடையும் அதில் போனது. அவள் மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை.

பட்டுக்குப் போடும் சாயம் பருத்தியில் நிற்காது. முதல் தூறலில் பிள்ளைகளின் கால், பள்ளிக்கூட பெஞ்சு, பஸ் சீட்டு எல்லாம் கத்திரிக்காய் ஆயிற்று. சந்தைக்கு வந்தவர்கள் வேட்டியின் பின்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் திட்டினார்கள். மறுபடி ஆரணிக்குப் போய், பருத்திச் சாயத்தில் முக்கிக் கொண்டுவந்தார். நிறத்தை மட்டும் மாற்றவில்லை.

தலைமை ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “முன்ன ஒருத்தி துணியத்தான் கண்டுபுடிச்சாங்க. இப்ப தானம் வாங்கின அத்தன புள்ளைங்களையும் ரோட்டுலேர்ந்தே கண்டுபுடிக்கலாமே.”

அவர் பள்ளிக்கூட வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்து, பிறகு இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். கண்டக்டர் தலைமை ஆசிரியரைப் பார்த்துக் கேட்டார்:

“சார், உங்க பொண்ணும் இங்கதானே படிக்குது?”

“ஆமா.”

“அது பாவாடை ஒண்ணு குடுங்க.”

“பழசா?”

“பழசு வாணாம். இப்ப போட்டுக்கினு இருக்கறது. முக்கிட்டு உங்ககிட்டயே குடுத்துடறேன். அதுதான் போட்டுக்கினு வரணும்.”

அந்த வீட்டில் அன்றிரவு சமையல் நடக்கவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆனால் திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் மகள் கத்திரிக்காய் நிறத்தில் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்து ஃபாரஸ்டர் வீடு. அவர் மனைவி கதவைச் சாத்தினார். கண்டக்டர் டிக்கெட் பையோடு வெளியே நின்றார். மூன்றாம் நாள் கதவு திறந்தது. டீக்கடைக்காரர், நம்ம பையன் மட்டும் வெள்ளைச் சட்டையில் தனியாகத் தெரிகிறானே என்று தானாகவே கொண்டுவந்தார். இலவசமாகத் துணி கேட்டபோது பட்டன் பார்த்த மனிதர், இப்போது எதையும் பார்க்கவில்லை. வாங்கி வாங்கிப் பெட்டியில் போட்டார்.

நிறம் மாறிய அந்த நீலப் பாவாடையைத் தங்கை கையில் கொடுத்தனுப்பியிருந்தார்; தினமும் அவளிடம் கேட்பார். “உங்கக்காகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். எச்.எம். பொண்ணு, ஃபாரஸ்டர் பொண்ணு, எல்லாரும் கத்திரிக்காதான்னு சொன்னேன்.”

“இன்னா சொன்னா?”

“அது எப்பணா இன்னா சொல்லிச்சு?”

மார்கழி முடிகிற வாரத்தில் நான் அந்த பஸ்ஸில் இருந்தேன். பனியில் நிறுத்தம் தெரியவில்லை. பழக்கத்தில் டிரைவர் நிறுத்தினார். தங்கை பச்சைப் பாவாடையில் முதலில் ஏறினாள். அவள் பின்னால் ஒரு கை கம்பியைப் பிடித்தது. பிறகு கத்திரிக்காய் நிறம் தெரிந்தது.

கண்டக்டர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. எங்களைப் பார்த்து அதட்டினார்.

“உள்ள தள்ளிப் போங்கய்யா. ரெண்டு பேரு ஏறணும்.”

பஸ்ஸில் பாதி சீட்டு காலியாக இருந்தது.