பாப்பா இன்னும் தலையாட்டலையே!

தலையாட்டி அண்ணன் விவரம் தெரியாதவரா, ரொம்ப விவரமானவரா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. ஒன்று நிச்சயம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலேயே அவரைப் போல பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்டை ஓட்டியவரும் கிடையாது, ஓட்டாமல் நிறுத்தி வைத்தவரும் கிடையாது.

பாதுகாப்பு வகுப்பு எடுக்க வந்த ஒருவர், "எதிரில் ஆள் நின்றால் கண்ணைப் பாருங்கள். அவர் தலையாட்டிய பிறகே வண்டியை நகர்த்துங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் டீயோடு அதையும் விழுங்கி மறந்துவிட்டோம். அண்ணன் மறக்கவில்லை. கேன்டீனில் சாம்பார் வாளி தூக்கி வருபவர் தலையாட்டும்வரை தட்டோடு நிற்பார். கேட்டில் படுத்திருந்த மாட்டிடமும் சம்மதம் எதிர்பார்த்தார்.

இடுப்பில் செல்போன் உறையோடு திரியும் மேனேஜர் ஒருநாள் கத்தினார்.

"போய்யா!"

"வாயால சொல்றீங்கோ சார். தலைய ஆட்டலையே."

நான் அங்கே டிஸ்பாட்ச் கிளார்க். லாரியில் ஏறும் பெட்டிகளை எண்ணுவது என் வேலை. கர்ப்பமாகி வயிறு தெரிய ஆரம்பித்ததும் வந்தது வினை. நான் தலையாட்டியும் வண்டி நகரவில்லை.

"இன்னாண்ணா?"

"நீ ஆட்டிட்டம்மா. உள்ள கீற பாப்பா இன்னும் ஆட்டலையே!"

பாப்பா சார்பில் இன்னொரு முறை ஆட்டினேன். செல்லாது என்றுவிட்டார். எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டிய லாரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பேஜாரா கீது நைனா! அந்தப் பாப்பா பொறந்து, ஸ்கூலுக்குப் போற வரைக்கும் நான் இங்கயே நின்னுக்கினு இருக்கணுமா?"

"இன்னொரு லாரி லேட்டானா சாவியைப் பிடுங்கிடுவேன். அப்புறம் உனக்குத் துடைப்பம்தான்" என்றார் மேனேஜர், அண்ணனிடம்.

எனக்குத் தூக்கம் போயிற்று. என் வயிற்றால் ஒருவர் பிழைப்பு போவதா? கணவர் லீவு போடச் சொன்னார். மாமியார் போடாதே என்றார். அம்மா போனில் இரண்டையும் சொன்னார். கடைசியில் மேனேஜரிடமே போய், "நான் எங்க நின்னா வண்டி ஓடும் சார்?" என்று கேட்டேன். அவர் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "லோடு ஏத்துற எடத்தாண்ட ஒரு கம்பித் தடுப்பு போட்டுக் குடுங்கோ சார். அதுக்குப் பின்னால நிக்கறவங்க தலையாட்டத் தேவையில்ல."

மறுநாளே வெல்டர் வந்தார். அண்ணன் சாவி அண்ணனிடமே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள்முதலே அவர் அந்தத் தடுப்பைக் கேட்டு வந்ததாக வாட்ச்மேன் பிறகு சொன்னார். அப்படியானால் அத்தனையும் நாடகமா?

மகள் பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு ஸ்வீட் கொடுக்கப் போனேன். என்னைப் பார்த்ததும் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டார். தலை நிற்காத குழந்தை. நான் தோள் மாற்றியபோது அவள் தலை லேசாக ஆடியது.

"பாத்தியாம்மா! பாப்பா சொல்லிடுச்சு!" ஹாரனை அடித்துக்கொண்டு, சிரித்தபடி போனார். அவர் கண் கலங்கியிருந்ததாக எனக்குத் தோன்றியது. தூசியாகவும் இருக்கலாம்.

இப்போது மகள் கவரைப்பேட்டையில் எல்.கே.ஜி. படிக்கிறாள். என் கையைப் பிடித்திருந்தாலும், வருகிற வண்டிக்காரர் நின்று தலையாட்டாமல் ரோட்டைக் கடக்க மாட்டாள். நான் சொல்லித்தரவில்லை. அண்ணன் கதையை அடிக்கடி சொல்லியிருப்பேனோ என்னவோ. தினமும் பள்ளிக்கு லேட். இந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்கிறார் கணவர். நான் மாற்றலாமா, வாசகர்களே? யோசித்து, மெதுவாகவே எழுதுங்கள். அதுவரை நாங்கள் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பிக்கொள்கிறோம்.